தேயத் தேயத் தேறும் துணி

பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் பரணிலிருந்து முதலில் இறங்குவது பழைய துணி மூட்டைதான். பாட்டியோ அத்தையோ உட்கார்ந்து நூல் புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார்கள், விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். இது பிள்ளையைச் சுற்ற, இது தூளி கட்ட, இது துண்டு கிழிக்க, இது அடுப்படிக்கு என்று நிமிடத்தில் தரம் பிரிந்துவிடும். நல்ல விலை கொடுத்து வாங்கிய புதுத்துணி பக்கத்திலேயே இருந்தாலும், பிறந்த குழந்தையின் உடம்பில் முதலில் படுவது வருடக்கணக்கில் உடுத்தி வெளுத்த புடவைத் துண்டாகத்தான் இருக்கும்.

இது கையில் காசில்லாதவர்களின் வழக்கம் மட்டுமல்ல. வசதியான வீடுகளிலும் இப்படித்தான் செய்தார்கள். அதற்கான காரணம் துணிக்குள்ளேயே இருக்கிறது. உடுத்த உடுத்த, துவைக்கத் துவைக்கப் பருத்தி ஒரு குணத்தை இழந்து இன்னொரு குணத்தைப் பெறுகிறது. அந்த மாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நம் வீட்டுப் பெண்கள் பொருத்தமான ஒரு வேலையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சிக்கனம் என்று நாம் சொல்வதற்குள் இவ்வளவு நுட்பமான பொருளறிவு இருக்கிறது.

ஒரு இழை, ஒரே செல்

பருத்திப் பூ மலரும் நாளில், அதன் சூலகத்துக்குள் இருக்கும் இளம் விதைகளின் மேல்தோலில் சில செல்கள் மட்டும் நீளத் தொடங்குகின்றன. ஒரு விதையில் 10,000-க்கும் மேற்பட்ட செல்கள் இப்படி நீளும். சுமார் மூன்று வாரத்தில் ஒவ்வொன்றும் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை வளர்ந்துவிடும். தடிமன் 15, 20 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தன் தடிமனைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் நீண்டும், அது இன்னும் ஒரே ஒரு செல்தான்.

நீளம் நின்றபின் செல்லின் உட்சுவரில் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிகிறது. காய் வெடித்து வெயில் பட்டதும் உள்ளிருக்கும் ஈரம் வற்றுகிறது. தண்ணீர் நின்றதும் தட்டையாகிவிடும் தீயணைப்புக் குழாய்போல இழையும் அமுங்கி, ஆங்காங்கே முறுக்கிக்கொள்கிறது. இந்த இயற்கையான முறுக்குதான் இழையை இழையோடு பிடிக்கவைக்கிறது. அது இல்லாவிட்டால் பஞ்சை நூலாகத் திரிப்பது பெரும்பாடு.

இழையின் வெளிப்புறத்தில் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதனால்தான் செடியிலிருந்து எடுத்த பஞ்சைத் தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சோ போட்ட உடனே உறிஞ்சி மூழ்கும். இரண்டும் ஒரே பருத்திதான். மருத்துவப் பஞ்சைக் காரத்தில் வேகவைத்து மெழுகை நீக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதுத்துணிக்குத் தாகம் இல்லை

தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். நெசவாளர் ஊர்களில் விடிகாலையில் தெரு நெடுகப் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, நீண்ட தூரிகையால் நீவிவிடும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நாடா அடிக்கும் அடியில் நூல் அறுந்துபோகாமல் இருக்க அந்தக் கவசம் தேவை. விற்பனைக்குப் போகும் துணிக்கு மொடமொடப்பு வரவும் கஞ்சியும் வேறு பூச்சுகளும் ஏறும். கடையில் நாம் தொட்டுப் பார்ப்பது பருத்தியை அல்ல, பெரும்பாலும் அதன் மேல் இருக்கும் பூச்சைத்தான்.

துவைக்கத் துவைக்க அந்தக் கஞ்சி போகிறது, மிச்சமிருந்த மெழுகும் போகிறது. நூலின் முறுக்கு சற்றுத் தளர்கிறது. இழை முனைகள் வெளியே வந்து துணியின் மேல் மெல்லிய ரோமப் படலமாக நிற்கின்றன. விறைப்பு போய்த் துணி குழைகிறது. இப்போதுதான் செல்லுலோஸ் நேரடியாகத் தண்ணீரைச் சந்திக்கிறது. செல்லுலோஸ் சங்கிலி முழுக்க நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய சந்துகளும் நீரை இழுத்து வைத்துக்கொள்கின்றன. நனைந்தாற்போலத் தெரியாத பருத்தித் துணிகூட சாதாரணக் காற்றிலிருந்து தன் எடையில் 7, 8 சதவீத ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பாலியஸ்டரால் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ள முடியாது.

குழந்தைக்குக் கட்டும் துண்டுத் துணிக்குப் பழைய புடவை ஏன் சிறந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஐந்தரை மீட்டர் புடவையில் அரை மீட்டருக்குச் சற்று மேலான சதுரங்களாக 18 துண்டுகள் வரும். கொசுவத்தின் கீழ் விளிம்பும் உட்காரும் இடமும் நைந்திருக்கும். அவற்றைக் கழித்தாலும் பன்னிரண்டுக்குக் குறையாது. இரண்டு புடவை இருந்தால் கைக்குழந்தையின் ஒரு நாள் தேவை தீர்ந்தது. இந்தத் துண்டுகளுக்குத் துணி மென்மையாக்கி திரவம் போடக் கூடாது. அது இழையின் மேல் கொழுப்புப் படலமாகப் படிந்து, இத்தனை வருடத் துவைப்பு சம்பாதித்துக் கொடுத்த உறிஞ்சும் குணத்தைக் குறைத்துவிடும்.

மென்மையாக்கி இல்லாமல் கொடியில் காய்ந்த துணி விறைத்துப்போகிறதே என்றால், அதற்கும் விடை உண்டு. ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவ் நிறுவனமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த பருத்தி இழையின் மேற்பரப்பிலும் கொஞ்சம் நீர் ஒட்டியே இருக்கிறது என்றும், அதுதான் இழைகளைப் பசையாகப் பிணைத்து விறைப்பைத் தருகிறது என்றும் காட்டினார்கள். காய்ந்த துணியை எடுத்து நன்றாக உதறிக் கையால் கசக்கி மடித்தால் அந்தப் பிணைப்புகள் விட்டுப்போகும். உதறி மடிக்கும் பழக்கத்துக்குச் செலவே கிடையாது.

வெயிலும் இலவசம்தான். சூரிய ஒளி கிருமியைக் கொல்கிறது என்பதை 1877-இல் ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சோதனையால் நிறுவினார்கள். குழந்தையின் துண்டாகட்டும், மாதவிலக்குக்குப் பயன்படுத்தும் துணியாகட்டும், மறைவிடத்தில் ஈரத்தோடு கிடக்காமல் வெயிலில் முழுதாகக் காய வேண்டும். வெட்கப்பட்டு உள்ளறையில் உலர்த்துவதால் வரும் கேடு பெரிது.

தூளி: மூவாயிரம் நூல்களின் கூட்டு

தூளிக்கென்று எடுத்துவைக்கும் புடவை நைந்ததாக இருக்கக் கூடாது. குழைந்ததாக இருக்க வேண்டும். புடவையின் அகலத்தில் கரைக்குக் கரை ஏறக்குறைய 3,000 பாவு நூல்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. மெல்லிய ஒற்றை நூல் புதிதாக இருக்கும்போதே சுமார் 100 கிராம் எடையைத்தான் தாங்கும். ஆனால் தூளியில் குழந்தையின் பாரம் அத்தனை பாவு நூல்களுக்கும் பகிர்ந்து போகிறது. பாதி வலு தேய்ந்துபோன புடவைக்கும் எட்டு கிலோப் பிள்ளை ஒரு பொருட்டல்ல.

அதே புடவையைத் துண்டு போட வேண்டுமென்றால், விளிம்பில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால் போதும், ‘சர்’ரென்று நேர்கோட்டில் கிழியும். முந்நூறு கிலோவைத் தாங்கக்கூடிய துணி விரல் பலத்துக்கு எப்படி இணங்குகிறது? கிழியும் இடத்தில் நூல்கள் சேர்ந்து நிற்பதில்லை. இழுவிசை முழுவதும் கிழிசலின் நுனியில் இருக்கும் ஓரிரு நூல்களின் மேல் விழுகிறது. அவை அறுந்ததும் அடுத்தவை மாட்டுகின்றன. எனவே தூளிப் புடவையில் அரை விரல் கிழிசலையும் சும்மா விடக் கூடாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும் பாட்டியின் கண் அதைத்தான் தேடுகிறது.

குழந்தை தூளியை நனைக்காமல் இருக்காது. அங்கேயும் பருத்தி கைகொடுக்கிறது. பல இழைகள் நனைந்தால் பலவீனமாகும். விஸ்கோஸ் என்கிற ரேயான் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். பருத்தியோ நனைந்தால் 10 முதல் 20 சதவீதம் வரை வலுக்கூடும். அதன் நீண்ட செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு நடுவே நீர் புகும்போது, உலரும்போது உண்டான இறுக்கங்கள் தளர்ந்து, பாரம் எல்லாச் சங்கிலிகளுக்கும் சீராகப் பரவுகிறது. துவைகல்லில் ஓங்கி அடித்தும் வேட்டி பல வருடம் உழைப்பது இதனால்தான். சட்டைப்பையில் மறந்துபோன ரூபாய் நோட்டு துவைத்த பிறகும் முழுதாக வெளிவருவதிலும் இதற்குப் பங்கு உண்டு. நம் நோட்டுகள் பருத்தியால் ஆனவை.

தூளியின் ஆட்டத்துக்கு இன்னொரு அழகு உண்டு. தொங்கும் பொருள் ஒருமுறை போய்வர ஆகும் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்தது அல்ல. உத்தரத்துக்கும் குழந்தைக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இருந்தால் ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை முதல் மூன்று விநாடிக்குள் ஆகும். மூன்று கிலோவில் தூங்கிய பிள்ளை ஆறு மாதத்தில் ஏழு கிலோ ஆனாலும் அதே தாளம்தான். ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் பெரியவர்களை நான்கு விநாடிக்கு ஒருமுறை ஆடும் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அசையாத கட்டிலைவிட ஆடும் கட்டிலில் அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். மூளையின் மின்னலைகளிலும் ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் கூடியிருந்தது. தூளி பிள்ளையைத் தூங்கவைப்பது தாயின் பிரமை அல்ல.

இதோடு ஒரு எச்சரிக்கையும் சேர வேண்டும். நீண்ட நேரத் தூக்கத்துக்குக் குழந்தையைச் சமதளமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் போடுவதே பாதுகாப்பு என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். ஆள் பார்வையில் இருக்கும்போது மட்டும் தூளி ஆடட்டும். பிள்ளை எழுந்து உட்காரத் தொடங்கியதும் அவிழ்த்துவிடுங்கள். ஓடியாடும் குழந்தைகள் தொங்கும் புடவையில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய சோகங்கள் நம் ஊர்களில் நடந்திருக்கின்றன.

வடாம் துணியில் நடக்கும் வேதியியல்

சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்கு வரும் பழைய வேட்டியைப் பாருங்கள். அரிசிமாவுக் கூழைக் கிண்டி இறக்கி, நனைத்துப் பிழிந்த வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, கரண்டியால் ஊற்றி வட்டமாகத் தேய்த்துவிடுவார்கள். கூழின் ஈரம் மேலே காற்றுக்கும் போகிறது, கீழே துணிக்கும் போகிறது. பிளாஸ்டிக் விரிப்பில் மேல்பக்கமாக மட்டும்தான் போக முடியும். மாலைக்குள் வடாம் சுக்காகக் காய்ந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் உடையும். கைப்பழக்கம் உள்ளவர்கள் அதை இழுக்க மாட்டார்கள். துணியைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப்புறம் தண்ணீர் தெளித்துச் சில நிமிடம் விடுவார்கள். பிறகு ஒரு ஓரத்தைத் தூக்கினால் வடாம் முழு வட்டமாக உரிந்து வரும்.

ஒட்டியதும் உரிந்ததும் ஒரே உறவின் இரு பக்கங்கள். அரிசியின் மாவுச்சத்தும் பருத்தியின் செல்லுலோஸும் ஒரே பொருளால் கட்டப்பட்டவை. இரண்டுமே குளுக்கோஸ் சர்க்கரையின் நீண்ட சங்கிலிகள். சங்கிலிக் கண்ணிகள் ஒன்றோடொன்று சேரும் கோணத்தில் மட்டும்தான் வேறுபாடு. மாவுச்சத்தில் சங்கிலி சுருள் சுருளாக வளைகிறது. வெந்நீரில் பிரிந்து கூழாகிறது, நம் எச்சிலே அதை அறுக்கிறது. செல்லுலோஸில் சங்கிலி நேராக நீள்கிறது. பக்கத்துச் சங்கிலியோடு நெருங்கி அடுக்கிக்கொண்டு நீரில் கரையாத இழையாகிறது, நம் குடலால் அதைத் தொடக்கூட முடியாது. ஒரே சர்க்கரை ஒரு கோணத்தில் சோறு, மறு கோணத்தில் சேலை. சுவரொட்டியை உரித்துத் தின்னும் மாடு இரண்டையும் ஒரே வாயில் முடித்துவிடுகிறது; தாள் செல்லுலோஸ், ஒட்டிய மைதாப் பசை மாவுச்சத்து. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செல்லுலோஸையும் அறுக்கத் தெரிந்தவை.

நெருங்கிய உறவு என்பதால் காயும்போது மாவுச்சத்து பருத்தியின் மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. தண்ணீர் தெளித்ததும் நீர் மூலக்கூறுகள் இருவருக்கும் நடுவே புகுந்து அந்தப் பிடியைத் தங்கள் பக்கம் வாங்கிக்கொள்கின்றன. இழையும் நீர் குடித்துக் குறுக்காகப் பருத்து நெளிகிறது, வடாம் விடுபடுகிறது. வடித்த கஞ்சியில் முக்கி எடுத்த புடவை மொடமொடவென்று நிற்பதும் இதே பற்றுதலால்தான். அழுக்கு இழைக்குள் போகாமல் கஞ்சிப் படலத்தின் மேல் தங்கி, அடுத்த துவைப்பில் கஞ்சியோடு கழுவிப்போகிறது. சோறு வடித்த நீரில் துணிக்கு ஆயுள்!

அடுப்படிக்கு வந்த துண்டு

இட்லித் துணி ஏன் ஈரமாக இருக்க வேண்டும்? நனைந்த இழைகள் பருப்பதால் நெசவின் கண்கள் சிறுக்கின்றன, மாவு ஒழுகாது; ஆவி மட்டும் கீழிருந்து ஏறிவரும். வெந்ததும் துணியைக் கவிழ்த்து நீர் தெளித்தால் இட்லி பிய்யாமல் கழலும். வடாம் துணியில் பார்த்த அதே பாடம்தான்.

கரித்துணிக்கு விதி நேர்மாறு. அது உலர்ந்திருக்க வேண்டும். பல மடிப்புப் பழந்துணிக்குள் சிறைப்பட்ட காற்றுதான் கையைக் காக்கிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈரக் கரித்துணியால் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தால் சுரீரென்று கை பொசுங்குவது அதனால்தான். பாலியஸ்டர் கலந்த துணி இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

வங்கதேசத்துக் குளக்கரையில்

தேய்ந்த புடவையின் மதிப்பை உலக அறிவியலே ஒப்புக்கொண்ட கதை ஒன்று உண்டு. காலராக் கிருமி குளத்து நீரில் தனியாக மட்டும் அலைவதில்லை, மிதவையுயிர்களின் மேல் கூட்டமாக ஒட்டி வாழ்கிறது என்பதைப் பல ஆண்டு ஆய்வில் கண்டவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிற்றுயிர் ஒன்றின் மேலேயே ஆயிரக்கணக்கில் கிருமிகள் இருக்கலாம். ஒன்றிரண்டு மைக்ரான் அளவுள்ள கிருமியைத் துணியால் தடுக்க முடியாது. ஆனால் அது ஏறி வரும் வாகனம் பல மடங்கு பெரியது, அதைத் தடுக்கலாமே!

வங்கதேசத்தில் விறகுத் தட்டுப்பாட்டால் எல்லாராலும் நீரைக் காய்ச்சிக் குடிக்க முடியவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் பழைய புடவை இருந்தது. மலிவான பருத்திப் புடவையை நான்கு முதல் எட்டு மடிப்பாகக் குடத்தின் வாயில் கட்டி நீர் பிடித்தால், 20 மைக்ரானுக்கு மேற்பட்டவை நின்றுவிடுகின்றன என்று ஆய்வாளர் அன்வர் ஹக் உள்ளிட்ட குழுவினர் சோதனைச்சாலையில் கண்டார்கள். பிறகு மத்லப் பகுதியின் 65 கிராமங்களில், ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமான மக்களிடையே மூன்று ஆண்டு நடத்திய களஆய்வின் முடிவு 2003-இல் வெளிவந்தது. புடவையால் வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: புதுப் புடவையைவிடப் பழைய புடவை நன்றாக வடிகட்டியது. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து, இழை முனைகள் நெசவின் கண்களுக்குள் நீட்டி நிற்பதால் துளைகள் சிறுத்துவிடுகின்றன. எதை நைந்துபோனது என்று தள்ளுகிறோமோ, அந்த நைவே வடிகட்டும் கருவியாகிறது. தனித்து அலையும் கிருமிகள் இதில் தப்பிவிடும் என்பதால், காய்ச்ச முடிந்த வீட்டில் காய்ச்சுவதே மேல். வடிகட்டிய துணியையும் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும்.

கழிவாகும் முன்

இத்தனையும் நூல் துணிக்குத்தான் பொருந்தும். இன்று ‘காட்டன்’ என்று விற்கும் பல புடவைகளில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. கண்டுபிடிக்க, பாவிலிருந்து ஒன்றும் ஊடையிலிருந்து ஒன்றுமாக இரண்டு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகி, கெட்டியான மணியாக உறையும். விளக்குத் திரி திரிக்கப் பருத்தியே வேண்டும் என்பதும் இதில் புரியும்; உருகாத இழைதான் எண்ணெயைச் சுடர்வரை இழுத்துக் கொடுக்க முடியும்.

பத்திரப்படுத்தும் முறையிலும் கவனம் வேண்டும். கஞ்சி போட்ட புடவையை அப்படியே பெட்டியில் வைத்தால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் கஞ்சியைத் தேடி வந்து துணியையும் அரிக்கும். அலசி, நன்றாகக் காயவைத்து வையுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை செல்லுலோஸ் சங்கிலிகளை அறுக்கும். குளோரின் வெளுப்பானும் அதையேதான் செய்யும். வெள்ளைக்கு ஆசைப்பட்டு வலுவைத் தொலைக்க வேண்டாம்.

தேய்மானம் என்பது பருத்திக்கு வெறும் நஷ்டக் கணக்கு அல்ல. விறைப்பு போனால் பிள்ளையின் தோலுக்கு ஆகிறது, மெழுகு போனால் ஈரத்தை உறிஞ்ச ஆகிறது, நெசவு பிரிந்தால் வடிகட்ட ஆகிறது. எதற்கும் ஆகாத கந்தலையும் தோட்டத்து மண்ணில் புதைத்தால் பூஞ்சைகள் மறுபடி சர்க்கரையாக்கித் தின்று முடிக்கும். வளரும் குடும்பத்தின் செலவைக் குறைக்க இந்த வரிசை தெரிந்தால் போதும். ஆகவே ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று தெருவில் குரல் கேட்டால் மூட்டையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு நூலைக் கொளுத்திப் பார்த்து, பருத்தியைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்துக்குப் பாத்திரம் வாங்குங்கள்.